மடியை நிறுத்துங்கள்

திங்கள், புதன், சனி இரவுகளில் நெடுந்தீவுக் கடலில் வலை விடப் பலர் தயங்குகிறார்கள். எதிர்க்கரையான தமிழகத்தின் இழுவைப் படகுகள் தொழிலுக்கு இறங்கும் நாட்கள் அவை. கடலடியை உழுதுகொண்டு வரும் இழுவைமடி, மீன்குஞ்சையும் பாசியையும் அள்ளுவதோடு எங்கள் சிறுபடகுக்காரரின் வலையையும் அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. வலை போனால் அந்தக் குடும்பம் திரும்பவும் கடனில்தான் தொடங்கவேண்டும். போர்க்காலத்தில் கடல் தடைக்குள் கிடந்து நொந்த சனம் இது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியா 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அது மெல்லத்தான் நகர்ந்தது. எல்லை தாண்டிப் பிடிபட்டு இராமேஸ்வரத்துக் கூலி மீனவர் எங்கள் சிறையில் கிடப்பதில் எனக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை. அவர் முதலாளியின் படகில் வந்தவர், எங்கள் மொழி பேசுபவர். ஆனால் தொப்புள்கொடி உறவென்று மேடையில் உருகும் தமிழகத் தலைவர்கள், மடியை நிறுத்துங்கள் என்று அதே மேடையில் தங்கள் படகு முதலாளிகளிடம் சொல்லவேண்டும். எங்கள் கரையிலேயே சிலர் போடும் இழுவைமடியையும் நாங்கள் நிறுத்தவேண்டும், அதில் சாட்டுச் சொல்ல இடமில்லை.