தாயாகிய வைத்தியர்

2004 மே 16 இல் வத்திக்கானில், 91 வயதான கணவர் ஒருவர் தம் மனைவி புனிதராக உயர்த்தப்படுவதைக் கண்ணாரக் கண்டார். அப்பெருமாட்டி இத்தாலி நாட்டு ஜியானா பெரெத்தா மொல்லா. அவர் மறைந்து 42 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1922 இல் மகெந்தா என்னும் ஊரிற் பிறந்த ஜியானா, மாணவப் பருவத்திலேயே கத்தோலிக்க இளம்பெண்களுக்கு வழிகாட்டியாய் விளங்கினார். வின்சென்ட் டி போல் சபையிற் சேர்ந்து வறியோரையும் முதியோரையும் நாடிச் சென்றார். 1949 இல் வைத்தியப் பட்டம் பெற்ற பின்னரும் அத்தொண்டு ஓயவில்லை. மெசெரோவில் அவர் நடத்திய வைத்தியசாலையில் தாய்மாரும் குழந்தைகளும் ஏழைகளும் தனிப் பரிவு பெற்றனர். 1955 இல் பொறியியலாளர் பியெத்ரோவை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். இல்லறத்தின் நடுவேயும் வைத்தியத்தைக் கைவிட்டாரல்லர்.

1961 இல் மீண்டுங் கருவுற்றபோது, இரண்டாந் திங்களிற் கருப்பையிற் கட்டியொன்று காணப்பட்டது. கருப்பையையே அகற்றியிருப்பின் அவருக்கு ஆபத்துக் குறைவு, குழந்தை பிழைத்திராது. கட்டியை மாத்திரம் அகற்றுமாறு வேண்டினார். அதன் விளைவை வைத்தியராகிய அவர் அறியாதவரல்லர். 1962 ஏப்பிரல் 21 இல் மகள் பிறந்தாள். ஏழு நாட்களின் பின், கிருமித்தொற்றினால், தம் 39 ஆவது வயதில் தாய் கண்மூடினார். அம்மகளும் பின்னாளில் வைத்தியரானாள்; தாய் புனிதரான அன்று தந்தையோடு அங்கிருந்தாள்.

சைவனாகிய யானும் இவ்வன்னையை வணங்குகின்றேன். அவரது இறுதி முடிவை எல்லோரிடமும் எதிர்பார்த்தல் தகாது. ஆயின், நோயுற்ற ஏழை அயலவரின் படலையைத் திறந்து உட்செல்லுதல் எவர்க்கும் இயலும். அவரும் அங்கிருந்தே தொடங்கினார்.