நன்றி மறவாத ஆட்டம்

எதிரணி என்றாலே எதிரி என்று கருதும் காலம் இது. எனினும், ஆண்டுதோறும் மோதியும் அன்பு குன்றாத இரு கல்லூரி அணிகளை நாம் அறிவோம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் திருச்சிலுவைச் சபையினர் 1842இல் நிறுவியது நோட்டர் டேம் பல்கலைக்கழகம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் அது பெரும்பெயர் பெற்றது. அன்னாபொலிஸ் நகரின் கடற்படைக் கல்லூரியுடன் 1927 முதல் அது ஆடிவருகிறது. இரண்டாம் உலகப் போரில் மாணவர்கள் போர்முனை செல்ல, வகுப்பறைகள் வெறிச்சோடின, வருவாயும் சுருங்கியது. அவ்வேளையில் கடற்படை தன் அதிகாரிப் பயிற்சியை அவ்வளாகத்தில் நடத்திக் கைகொடுத்தது. கடற்படை விரும்பும்வரை அதனுடன் ஆடுவதே நோட்டர் டேம் செலுத்தும் நன்றிக்கடன்.

1964 முதல் 2006 வரை தொடர்ந்து 43 ஆட்டங்களில் தோற்றும் கடற்படை விலகவில்லை. 2007இல் மும்முறை கூடுதல் நேரம் நீடித்த ஆட்டத்தில், 46-44 என்ற புள்ளிக்கணக்கில், நோட்டர் டேம் தன் திடலிலேயே தோற்றது. அவ்வணியின்பால் பற்றுக்கொண்ட நமக்கு அது கசந்தது. ஆயினும் மறு ஆண்டும் வாக்கு மாறவில்லை. 2020இல் கொள்ளைநோயே இத்தொடரை ஓராண்டு தடுத்தது.

ஆட்டம் முடிந்தபின் இரு அணியினரும் ஒருங்கே நின்று, ஒருவர் மற்றவரது கல்லூரிப் பாடலுக்கு மரியாதை செலுத்துவர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். வென்ற நாளில் நன்றி கூறுதல் எளிது. தோற்ற நாளிலும் அதனை மறவாதிருக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.