மயிலாப்பூர் தோமையார் இப்போ இருக்கும் ஊர்

சாந்தோம் தேவாலயத்துக்குக் கீழே ஒரு கல்லறை இருக்கு, தெரியும்ல? மந்தைவெளியில வளர்ந்த எனக்கு அது சின்ன வயசுலேர்ந்து பழக்கம். பீச்சுக்குப் போற வழியில, மெழுகுவத்தி ஏத்தணும்னு கூட்டாளி ஒருத்தன் உள்ளே இழுத்துட்டுப் போவான். ஒருநாள் அவன்கிட்ட கேட்டேன், "உள்ள தோமையார் இருக்காராடா?" "இல்லடா, அவரு இத்தாலிக்குப் போயிட்டாரு"ன்னான். ஏதோ சித்தப்பாவுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்ச மாதிரி சொன்னான் பாருங்க... அது மண்டைக்குள்ளயே தங்கிடுச்சு.

பல வருஷம் கழிச்சு, ஆபீஸ் வேலையா ரோமுக்குப் போனப்ப ஒரு சனி ஞாயிறு கையில கிடைச்சுது. கூட வந்தவங்க எல்லாரும் அமால்ஃபிக்குக் கிளம்பிட்டாங்க. நான் மட்டும் நேர் எதிர்த்திசையில, கிழக்குக் கரைக்கு. "ஓர்த்தோனாவா? அங்க என்னய்யா இருக்கு?"ன்னு ஒரே கிண்டல். இந்தப் பதிவு அவங்களுக்கான பதில்னு வெச்சுக்குங்களேன் :-)

ரோமிலிருந்து பெஸ்காராவுக்கு பஸ். மலையைக் குறுக்கே தாண்டி சுமார் மூணு மணி நேரம். அங்கேர்ந்து தெற்கே 20 கிலோமீட்டர் போனா ஓர்த்தோனா. அப்ருட்ஸோ மாநிலம், ஏட்ரியாட்டிக் கடல். ஊர் மேட்டுல இருக்கு, துறைமுகம் கீழே இருக்கு. ரோமானியர்களுக்கு முன்னாடியே ஃப்ரென்தானி என்கிற ஜனங்களோட துறைமுகமா இருந்த இடம்.

நேரா தேவாலயத்துக்குத்தான் போனேன். கீழே நிலவறை. பீடத்துக்கு அடியில பேழை. பக்கத்துல கிரேக்க எழுத்து பொறிச்ச ஒரு பழைய கல்லறைக் கல். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. வயசான பாட்டியம்மா ஒருத்தங்க மட்டும் ஜெபமாலையோட உட்கார்ந்திருந்தாங்க. எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. ஆனாலும் ஊரை விட்டுப்போன பக்கத்து வீட்டுக்காரரைத் தூர தேசத்துல பார்த்தா வருமே ஒரு உணர்வு, அது வந்தது நிஜம்.

இவர் இங்கே எப்படி வந்தார்? மரபுப்படி கதை இதுதான். பரங்கிமலையில கொல்லப்பட்டார், மயிலாப்பூர்ல அடக்கம் பண்ணாங்க. பிறகு எலும்புகள் எடெஸ்ஸாவுக்குப் போச்சு. அது இன்னிக்கு துருக்கியில இருக்கற உர்ஃபா. அங்கே நாலாம் நூற்றாண்டுலயே அவருக்கு வழிபாடு நடந்திருக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டுல எடெஸ்ஸா விழுந்ததும் கிரேக்கத் தீவான கியோஸுக்குப் போச்சு. 1258-ல வெனிஸும் ஜெனோவாவும் அடிச்சுக்கிட்டிருந்த நேரம். வெனிஸ் பக்கம் சண்டை போடப் போன ஓர்த்தோனா கப்பல்கள் மூணு கியோஸ்ல இறங்குச்சு. கேப்டன் பேரு லியோனே அச்சாயுவோலி. எலும்புகளையும் எடுத்து, மேலே மூடியிருந்த கல்லையும் பேர்த்துக் கப்பல்ல ஏத்திட்டார். செப்டம்பர் 6-ம் தேதி ஊர் வந்து சேர்ந்தாச்சு. அடுத்த வருஷமே பாரி நகரத்துல சாட்சிகளை நிறுத்தி, சத்தியம் வாங்கி, பத்திரமும் எழுதிட்டாங்க. திருட்டுக்குப் பத்திரம் எழுதி வெச்ச ஊரை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

மே மாசம் முதல் ஞாயிறு அங்கே பெரிய திருவிழா. 'பெர்தோனோ'ன்னு பேரு, அதாவது மன்னிப்பு. 1479-ல போப் நாலாம் சிக்ஸ்துஸ் கொடுத்த பாவமன்னிப்புச் சலுகையை ஒட்டி வந்தது. பழைய கால உடுப்புல வெள்ளிச் சாவிகளைத் தூக்கிட்டு ஊர்வலம் போவாங்க. எடுத்துட்டு வந்த பொருள், விழாவுக்குப் பேரு மன்னிப்பு. யோசிச்சு வெச்சாங்களோ இல்லையோ, பொருத்தம் அபாரம்!

தேவாலயத்திலிருந்து கடலோர நடைபாதையில நடந்தா கோட்டை வருது. 1447-ல வெனிஸ்காரங்க வந்து துறைமுகத்தைக் கொளுத்தின பிறகு, அரகோன் மன்னர் அல்ஃபோன்ஸோ காலத்துல எழுந்தது. (ஆமா, 1258-ல யாருக்காகச் சண்டை போடப் போனாங்களோ அதே வெனிஸ்தான்.) 1566-ல துருக்கித் தளபதி பியாலி பாஷா ஊருக்கே தீ வெச்சார். கல்லறையும் எரிஞ்சுது, எலும்புகள் மட்டும் தப்பிச்சுது. பிறகு சக்கரவர்த்தி ஐந்தாம் சார்ல்ஸோட மகள் மார்கரெட் இந்த ஊரையே விலைக்கு வாங்கி, அரண்மனை கட்ட ஆரம்பிச்சு, 1586-ல இங்கேயே கண்ணை மூடினாங்க. 1846-ல இசையமைப்பாளர் ஃப்ரான்செஸ்கோ பாவ்லோ தோஸ்தி பிறந்ததும் இங்கேதான். லண்டன் அரச குடும்பத்துக்குப் பாட்டு வாத்தியார் ஆனவர்.

கோட்டையிலிருந்து கீழே தெரியற துறைமுகத்துல இன்னொரு கதை இருக்கு. 1943 செப்டம்பர் 8-ம் தேதி இத்தாலி சரணடைஞ்சதா அறிவிப்பு வந்துச்சு. மறுநாள் விடியறதுக்குள்ள ராஜா மூணாம் விக்டர் இம்மானுவேலும் பிரதமர் பதோலியோவும் ரோமை விட்டுக் கிளம்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ஓர்த்தோனா துறைமுகத்துல ராஜா ஏற, 'பயோனெத்தா'ங்கற போர்க்கப்பல்ல பிரிந்திஸிக்குத் தப்பிச்சாங்க. பின்னாடியே ஓடி வந்த தளபதிகள்ல பல பேருக்கு இடம் கிடைக்கலை. பட்டாளத்துக்கு என்ன செய்யணும்னு ஒரு உத்தரவும் கிடையாது. ஜெர்மன்காரங்க வந்து உட்கார்ந்துட்டாங்க.

மூணே மாசம். டிசம்பர் 20-லேர்ந்து 28 வரைக்கும் கனடாப் படைக்கும் ஜெர்மன் பாராசூட் படைக்கும் இந்த ஊருக்குள்ள வீடு வீடா சண்டை. தெருவுல இறங்கினா குண்டு. அதனால கனடாக்காரங்க ஒரு வீட்டுச் சுவரை வெடி வெச்சு ஓட்டை போட்டு, அடுத்த வீட்டுக்குள்ள புகுந்து, அப்படியே தெருக்கோடி வரைக்கும் போனாங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு தேவாலயத்துக்குள்ள மேஜை போட்டு விருந்து. ஒரு குழு சாப்பிட்டு முடிச்சு திரும்பிப் போய் சண்டை போடும், அடுத்த குழு வந்து உட்காரும். சில பேருக்கு அதுதான் கடைசிச் சாப்பாடு. தோமையார் கோயில்ல பாதியை ஜெர்மன்காரங்க வெடி வெச்சுத் தகர்த்தாங்க. 1,300-க்கும் மேல ஊர் ஜனங்க செத்தாங்க.

பக்கத்துலயே மோரோ ஆத்தங்கரையில நம்மாளுங்களும் இருந்தாங்க. எட்டாவது இந்தியப் படைப்பிரிவு. பாலம் கட்ட இந்தக் கரையில இடமில்லைன்னு, எதிரி இருந்த கரைக்குப் போய் அங்கேர்ந்து இந்தப் பக்கமா கட்டிட்டு வந்தாங்க. கனடாக்காரங்களோட கல்லறைத் தோட்டம் ஊருக்குத் தெற்கே இருக்கு, 1,600-க்கும் மேல கல்லறைகள். இன்னும் கொஞ்சம் தெற்கே சாங்ரோ ஆத்துப் பக்கம் இருக்கற கல்லறைத் தோட்டத்துல, தகனம் செய்யப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. அமால்ஃபிக்குப் போறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனிமே என் கருத்து. அடிக்க வராதீங்க.

ராஜா ஓடிப்போனதை இந்த ஊர் மறைக்கலை. துறைமுகத்துல கல்வெட்டே வெச்சிருக்காங்க, நல்லா காட்டமான வார்த்தைகள்ல. 2002-லேர்ந்து சண்டைக்கு ஒரு மியூசியமும் இருக்கு. அசிங்கத்தையும் அழிவையும் ஒளிக்காத ஊர்னு எனக்கு மரியாதை வந்துச்சு. ஆனா அதே ஊர்ல அச்சாயுவோலி மட்டும் ஹீரோ. 'கொண்டு வந்தார்'னுதான் சொல்றாங்க. கியோஸ் தீவுக்காரங்ககிட்ட கேட்டா வேற வார்த்தை சொல்லுவாங்க. ராஜா விஷயத்துல இருந்த நேர்மை கேப்டன் விஷயத்துல எங்கே போச்சு?

"நாங்க எடுத்துட்டு வந்ததாலதான் பத்திரமா இருக்கு"ன்னு ஒரு வாதம் உண்டு. மியூசியக்காரங்க நம்ம சிலைகளைப் பத்திச் சொல்றதும் இதேதான். அது இங்கே எடுபடாது. 1566-ல நெருப்பு, 1943-ல வெடி. பத்திரமா இருந்தது அதிர்ஷ்டத்தால, பாதுகாப்பால இல்லை.

அப்போ திருப்பிக் கொடுக்கணுமா? மயிலாப்பூர்க்காரனா எனக்கு முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-ல ஆஸ்திரேலியாவுலேர்ந்து திரும்பி வரலையா? ஆனா நிலவறையில இருந்த அந்தப் பாட்டியம்மாவைப் பார்த்த பிறகு மனசு மாறிடுச்சு. நடராஜர் அங்கே காட்சிப்பொருளா நின்னார், ஒருத்தரும் விளக்கேத்தலை. தோமையார் அப்படி இல்லை. 750 வருஷத்துக்கு மேல அந்த ஊரோட சேர்ந்து எரிஞ்சு, இடிஞ்சு, மறுபடி எழுந்திருக்கார். 1949-ல கோயிலைத் திரும்பத் திறந்தப்ப பல வீடுகளே இன்னும் இடிபாடாத்தான் கிடந்திருக்கும். அவரை அங்கேர்ந்து பேர்த்தெடுத்தா அது இன்னொரு கியோஸ். எனக்கு எலும்பு வேணாம். 'திருடிட்டு வந்தோம், ஆனா கைவிடலை'ன்னு அந்தக் கேப்டன் பேருக்குக் கீழேயும் ஒரு கல்வெட்டு வைக்கட்டும். போதும்.

போறவங்களுக்கு: மணல் கரை வேணும்னா வடக்கே லிதோ ரிச்சோ. தெற்கே போனா 'திரபோக்கி', கடலுக்குள்ள மரக்கால் ஊன்றி, நீட்டின கழிகள்ல வலை கட்டி இறக்கற பரண்கள். கொச்சியில சீன வலை பார்த்திருப்பீங்களே, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. சிலதுல இப்போ மீன் சாப்பாடு போடறாங்க. பழைய ரயில் பாதையை சைக்கிள் பாதையா மாத்தியிருக்காங்க, வாஸ்தோ வரைக்கும் கடலை ஒட்டியே சுமார் 40 கிலோமீட்டர்.

ஊர் திரும்பினதும் கூட்டாளிக்கு போன் பண்ணி, "பார்த்துட்டேன்டா, நல்லா இருக்காரு"ன்னேன். "என்ன சொன்னாரு?"ன்னான். "சொந்த ஊரைப் பத்தி ஒண்ணும் கேக்கலை"ன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசலை.

டிஸ்கி: திருப்பிக் கேட்கணும்னு நினைக்கறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். காரணத்தோட திட்டினா இன்னும் சந்தோஷம் :-)