50 வருடங்களாக நம்பர் 1... பிலடெல்பியாவின் `சேனல் 6'-ஐ ஏன் யாராலும் அசைக்க முடியவில்லை?

ஒரு செய்தி சேனல் தன் டைட்டில் மியூசிக்கை மாற்றுகிறது. மட்டமான இசைக்கு மாறவில்லை. அதே பழைய மெட்டைத்தான் லண்டனில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்து, செலவு பார்க்காமல் புதிதாகப் பதிவுசெய்து ஒளிபரப்புகிறது. பாராட்டு குவிந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? சேனலின் போன் ஓயாமல் அடித்தது, ஆனால் அடித்ததெல்லாம் திட்டுவதற்கு. `எங்கள் பாட்டில் கைவைக்க நீங்கள் யார்?' என்கிற ரேஞ்சுக்கு நகரமே கோபப்பட்டது. சில நாள்களிலேயே புது இசை பெட்டிக்குள் போய், பழைய டேப் திரும்பி வந்துவிட்டது.

இது நடந்தது 1996-ல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில். சேனலின் பெயர் டபிள்யூ.பி.வி.ஐ. ஊர்க்காரர்களுக்கு வெறும் `சேனல் 6'. அதன் செய்தி நிகழ்ச்சிக்கு `ஆக்‌ஷன் நியூஸ்' என்று பெயர். 1970-களில் ரேட்டிங்கில் முதலிடத்துக்கு வந்த நிகழ்ச்சி இது. இடையிடையே ஏதோ ஒரு ஸ்லாட்டை, ஏதோ ஒரு சீசனை மற்ற சேனல்கள் பறித்ததுண்டு. ஆனால், `இந்த ஊரில் நியூஸ் என்றால் 6' என்ற நிலைமை அரை நூற்றாண்டாக மாறவில்லை. மீடியாவில் வேலை பார்க்கும் எனக்கு இது நம்பவே கஷ்டமான சமாசாரம். எங்கள் டெஸ்க்கில் ஒரு செய்தி ஆறு மணி நேரம் முதலிடத்தில் நின்றாலே பெரிய விஷயம்!

ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் தனித்தனி டி.வி நிலையங்கள் உண்டு. சீரியல், விளையாட்டு, தேசியச் செய்தி எல்லாம் ஏ.பி.சி, சி.பி.எஸ், என்.பி.சி போன்ற நெட்வொர்க்குகளிலிருந்து வரும். உள்ளூர்ச் செய்தியை மட்டும் அந்தந்த நிலையமே தயாரிக்கும். பிலடெல்பியாவில் முக்கியப் போட்டி சேனல் 3, சேனல் 6, சேனல் 10 ஆகிய மூன்றுக்கும் இடையில்தான். மூன்றுக்கும் அதே நகரம், அதே மழை, அதே மேயர். அப்படியிருந்தும் ஒன்று மட்டும் எப்படி ஜெயித்துக்கொண்டே இருக்கிறது?

முதலில் ஜெயித்தது சேனல் 3

இதில் சுவாரஸ்யம், புரட்சியை ஆரம்பித்து வைத்தது சேனல் 6 இல்லை என்பதுதான். 1965-ல் சேனல் 3-ல் அல் ப்ரிமோ என்ற செய்தி இயக்குநர் `ஐவிட்னஸ் நியூஸ்' என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். அதுவரை ஒருவர் கோட் போட்டு உட்கார்ந்து பேப்பரைப் பார்த்து வாசிப்பதுதான் டி.வி செய்தி. ப்ரிமோ நிருபர்களையே திரைக்குக் கொண்டுவந்தார். தீ விபத்து என்றால், அங்கே போன நிருபரே வந்து பேசுவார். மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சேனல் 6 அடிவாங்கிக்கொண்டிருந்தது.

1970 ஏப்ரலில் சேனல் 6-ன் செய்தி இயக்குநர் மெல் காம்ப்மன் பதிலடி கொடுத்தார். அவர் கையில் எடுத்தது வேகம். எந்தச் செய்தித் தொகுப்பும் சுமார் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பல செய்திகள் 20 விநாடிகளில் முடிந்துவிடும். அரை மணி நேரத்தில் மற்றவர்கள் சொல்வதைவிட அதிகச் செய்திகள். பக்கத்துத் தெரு, பக்கத்து டவுன், நதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நியூ ஜெர்சி, கொஞ்சம் தெற்கே டெலவேர் என்று எல்லோர் ஊர்ப் பெயரும் ஏதோ ஒரு நாள் வந்துவிடும். இன்று நாம் `ஷார்ட்ஸ்', `ரீல்ஸ்' என்று ஆச்சர்யப்படுவதை இவர்கள் 1970-லேயே செய்திருக்கிறார்கள்.

வாசிப்பாளராக லாரி கேன். அப்போது அவருக்கு 27 வயதுதான். 1964-ல் பீட்டில்ஸ் இசைக்குழு அமெரிக்காவைச் சுற்றியபோது கூடவே பயணித்த ரேடியோ நிருபர். இளமை, வேகம், துறுதுறுப்பு. 1972-ல் அல் ஹாம் என்பவர் அமைத்த `மூவ் க்ளோசர் டு யுவர் வேர்ல்ட்' என்ற துள்ளலான மெட்டும் சேர்ந்தது. ஆரம்பத்தில் சொன்னேனே, அதே மெட்டுதான்.

ஸ்டார் போனாலும் சேனல் போகவில்லை

1977-ல் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. லாரி கேன் நியூயார்க் நிலையத்துக்குப் போய்விட்டார். அடுத்த வருடமே பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். ஆனால் சேனல் 6-க்கு இல்லை, போட்டியாளரான சேனல் 10-க்கு. பிற்பாடு சேனல் 3-லும் வாசித்தார். அதாவது, ஆக்‌ஷன் நியூஸை உருவாக்கிய முகமே எதிர் டீமில்! ஊருக்கெல்லாம் தெரிந்த, எல்லோருக்கும் பிடித்த முகம். அவராலும் சேனல் 6-ஐ அந்த இடத்திலிருந்து இறக்க முடியவில்லை.

கேன் விட்டுப்போன நாற்காலியில் 1977 மே மாதம் உட்கார்ந்தவர் ஜிம் கார்ட்னர். பஃபலோ நகரத்திலிருந்து முந்தைய வருடம்தான் வந்திருந்தார். அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்தது 2022 டிசம்பர் 21 அன்று. 45 வருடங்கள்! 1979-ல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. 1985-ல் மூவ் என்ற அமைப்பினர் இருந்த வீட்டின் மீது காவல்துறையே ஹெலிகாப்டரிலிருந்து குண்டு வீசி, 5 குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்து, 61 வீடுகள் எரிந்த சம்பவம். நகரத்தின் மோசமான நாள்களில் எல்லாம் மக்கள் திரையில் தேடியது இந்த மீசைக்காரரைத்தான். குழந்தையாக அவரைப் பார்த்தவர்கள், தங்கள் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்திருக்கிறார்கள்.

அவர் மட்டுமில்லை. அங்கே வருபவர்கள் சீக்கிரம் போவதில்லை. வானிலை சொன்ன டேவ் ராபர்ட்ஸ் 1978-ல் வந்து 2009-ல் ஓய்வுபெற்றார். லிசா தாமஸ்-லாரி 1978-ல் வந்து 2016-ல் ஓய்வு. விளையாட்டுச் செய்தி சொன்ன கேரி பாபா தனக்கு புராஸ்டேட் புற்றுநோய் வந்ததை மறைக்காமல் சொல்லி, ஆண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பேசிவந்தார். 2009-ல் இறந்தார். அவர் பெயரில் தந்தையர் தினத்தன்று நடக்கும் ஓட்டத்தில் நகரத்துக்காரர்கள் கலந்துகொள்கிறார்கள். அதற்கும் முன்பு, 1983-ல், வானிலை சொல்லிக்கொண்டிருந்த ஜிம் ஓ'ப்ரையன் பாராசூட் விபத்தில் இறந்தபோது நகரமே துக்கம் அனுசரித்தது. 2023 டிசம்பரில் சேனலின் செய்தி ஹெலிகாப்டர் இரவில் நியூ ஜெர்சி காட்டில் விழுந்து பைலட்டும் கேமராமேனும் இறந்தார்கள். அந்தச் செய்தியையும் அவர்கள் சகாக்களேதான் வாசிக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பிளான் போட்டு உருவாக்க முடியாது. ஆனால், ஆட்களைத் தக்கவைப்பது நிர்வாகத்தின் முடிவு. கார்ட்னர் ஓய்வுபெறுவதை 2021 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். 2022 தொடக்கத்தில் இரவு 11 மணிச் செய்தியை விட்டார், வருடக் கடைசியில் மாலை 6 மணிச் செய்தியை. அந்த இடங்களுக்கு வெளியிலிருந்து பெரிய பெயரைத் தூக்கி வரவில்லை. ரிக் வில்லியம்ஸ், பிரையன் டாஃப் என்று அங்கேயே வருடக்கணக்கில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பார்ப்பவருக்கு, பக்கத்து வீட்டில் அப்பா உட்காரும் நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும்.

எதிர்த்தரப்பில் என்ன நடந்தது? 1995 செப்டம்பரில் அமெரிக்க டி.வி கம்பெனிகளின் பெரிய பேரம் ஒன்றின் விளைவாக சேனல் 3-ம் 10-ம் தங்கள் நெட்வொர்க்குகளையே மாற்றிக்கொண்டன. என்.பி.சி பார்க்க 3-ஐ அழுத்திப் பழகியவர்கள், இனி 10-ஐ அழுத்த வேண்டும். சி.பி.எஸ்-க்கு நேர் எதிர். சேனல் 6 மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. `ஐவிட்னஸ் நியூஸ்' என்ற பெயரைப் புகழடையச் செய்த சேனல் 3, நடுவில் அந்தப் பெயரையே கைவிட்டது, மறுபடி எடுத்துக்கொண்டது, 2023-ல் மறுபடி விட்டுவிட்டது. போதாததற்கு, 2008-ல் அதே சேனலின் செய்தி வாசிப்பாளர் ஒருவர் தன்னுடன் வாசித்த பெண்ணின் மின்னஞ்சல்களைத் திருட்டுத்தனமாகப் படித்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சேனல் 6-ன் வெற்றியில் பாதி, எதிராளி தன் காலில் தானே போட்டுக்கொண்ட கல் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் மிகப் பழைமையான தேங்க்ஸ்கிவிங் ஊர்வலம் பிலடெல்பியாவில் நடப்பதுதான். கிம்பல்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் 1920-ல் ஆரம்பித்தது. 1980-களில் அந்தக் கடை மூடப்பட்டபோது ஊர்வலமும் நின்றுபோயிருக்க வேண்டும். அதை நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டது சேனல் 6. மற்ற சேனல்கள் நிகழ்ச்சியை கவர் செய்ய வரும். இவர்கள் நிகழ்ச்சியையே நடத்துகிறார்கள். பள்ளிக்கூட பேண்டு வாசித்த பிள்ளையும், தெருவோரம் குளிரில் நின்ற அதன் தாத்தாவும் அன்றைக்கு எந்த சேனலைப் போடுவார்கள்?

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தது யார்?

இதோடு நிறுத்தினால் விளம்பரக் கட்டுரை மாதிரி ஆகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது. அது லேசானதில்லை.

2022 மார்ச்சில் அதே நகரத்தின் நாளிதழான `பிலடெல்பியா இன்குயரர்' ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. ஐவிட்னஸ் நியூஸ், ஆக்‌ஷன் நியூஸ் இரண்டும் பிறந்தது பிலடெல்பியாவில். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவின. அந்த வடிவமே கறுப்பின அமெரிக்கர்களுக்குத் தீங்கு செய்தது என்பதுதான் கட்டுரையின் வாதம். யோசித்தால் புரியும். 20 விநாடியில் என்ன சொல்ல முடியும்? ஒரு பள்ளிக்கு ஏன் நிதி வரவில்லை என்று சொல்ல முடியாது. `இந்தத் தெருவில் துப்பாக்கிச் சூடு, ஒருவர் பலி' என்று சொல்லலாம். மஞ்சள் டேப், போலீஸ் காரின் சுழல் விளக்கு, முடிந்தது. செலவு குறைவு, படம் பரபரப்பு. கேமராக்கள் திரும்பத் திரும்பப் போனது ஏழைக் கறுப்பின மக்களின் தெருக்களுக்கு. அந்தத் தெருவில் வாழ்பவர்களைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 20 விநாடி மட்டும்தான் என்றால் எப்படி இருக்கும்?

இதில் ஒரு விசித்திரமான முடிச்சு உண்டு. 1971 வரை சேனல் 6-ன் முதலாளியாக இருந்தவர் வால்டர் அனன்பர்க் என்ற பத்திரிகை அதிபர். அவர் கொடுத்த பணத்தில் 1958-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தகவல்தொடர்புக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் டீனாக 25 வருடங்கள் இருந்தவர் ஜார்ஜ் கெர்ப்னர். டி.வி அதிகம் பார்ப்பவர்கள், உலகம் இருப்பதைவிட ஆபத்தானது என்று நம்பத் தொடங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வின் முக்கிய முடிவு. இதழியல் படித்த எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்த `மீன் வேர்ல்ட் சிண்ட்ரோம்' இதுதான். நான் டிப்ளோமாவில் படித்தபோது இது ஒரு ஐந்து மார்க் கேள்வி. இந்தக் கோட்பாடு பிறந்த ஊரும் ஆக்‌ஷன் நியூஸ் பிறந்த ஊரும் ஒன்றுதான் என்பது அப்போது தெரியாது.

எங்கள் டெஸ்க்கில் ஒரு திரை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும். கொலை, விபத்து என்றால் எண் ஏறும். குடிநீர்க் குழாய் என்றால் அசையாது. அதனால் காம்ப்மனின் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் வேகமும் குற்றச் செய்தியும் மட்டும் காரணம் என்றால், அதே ஃபார்முலாவைக் காப்பியடித்த எத்தனையோ ஊர்களின் சேனல்கள் ஏன் 50 வருடம் நிற்கவில்லை? என் பார்வையில், வேகம் அவர்களை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே வைத்திருந்தது ஆட்கள் மாறாததும், ஊர்வலமும், அந்தப் பழைய மெட்டும். இன்குயரர் சொன்ன குற்றச்சாட்டு, கொண்டுவந்த பாதியைப் பற்றியது. தக்கவைத்த பாதிக்கு அந்தத் தீங்கு தேவையே இல்லை. டேவ் ராபர்ட்ஸ் 30 வருடம் வானிலை சொல்ல யாருடைய வீட்டு வாசலிலும் மஞ்சள் டேப் கட்ட வேண்டியதில்லையே.

இன்று மாலை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் செய்தி சேனலைப் போடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எத்தனை குற்றச் செய்தி, அதில் எத்தனை உங்கள் ஊரில் நடந்தது என்று ஒரு பேப்பரில் கோடு போட்டு எண்ணுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.