கல் உப்பும் கருவின் மூளையும்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் இயற்கை அங்காடிகள் பெருகியதை ஒட்டி, மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றோடு அயோடின் சேர்க்காத கல் உப்பும் இந்துப்பும் நல்லுணவின் அடையாளங்களாகிவிட்டன. அயோடின் குறை இமயமலை அடிவாரத்து நோய் என்றும், கடல் உப்பில் அயோடின் இயல்பாகவே இருக்கிறது என்றும், கழுத்தில் கழலை காணாதவருக்குக் குறையே இல்லை என்றும் அவற்றுக்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறது. எண்ணெயையும் சர்க்கரையையும் பற்றி இங்கே வழக்கில்லை. உப்பைப் பற்றிய இக்கூற்றுகள் மட்டும் ஆய்வின்முன் நிற்கமாட்டா.

முதற்கூற்று பழைய வரலாற்றிலிருந்து பிறந்தது. 1956இல் வி. ராமலிங்கசுவாமியின் குழு அயோடின் உப்பின் பயனைச் சோதிக்கத் தொடங்கிய இடம் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கு. 1962இல் தொடங்கிய தேசியத் திட்டமும் மலையடிவார மாநிலங்களையே முதலில் நோக்கியது. ஆனால் பிற்காலக் கணக்கெடுப்புகள், இக்குறை அறவே இல்லாத மாநிலம் எதுவும் இந்தியாவில் இல்லை என்று காட்டின. 2018–19ஆம் ஆண்டின் அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் நாட்டிலேயே கடைசியாக நின்றது, நெடிய கடற்கரையும் தூத்துக்குடி உப்பளங்களும் உள்ள தமிழ்நாடு: 61.9 விழுக்காடு.

கடல் உப்பு பற்றிய இரண்டாம் கூற்றை உப்பளமே மறுக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் ஏறத்தாழ 50–60 மைக்ரோகிராம்தான். பாத்தியில் நீர் வற்றிச் சோடியம் குளோரைடு படிகமாகும்போது அதிலும் பெரும்பகுதி எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நிலத்தடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் இந்துப்பின் நிலையும் இதைவிட மேலானதல்ல.

மூன்றாம் கூற்றே மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அயோடினின் முதன்மையான வேலை கழுத்தில் முடிவதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புச் செறிந்த மயலின் உறையை இடுபவை ஒலிகோடென்ட்ரோசைட் என்னும் செல்கள். உறையிட்ட இழையில் மின்குறிப்பு பல மடங்கு விரைவாக ஓடும். இச்செல்களின் முன்னோடிகள் முதலில் பிளந்து பெருகி, பின்னர் பெருகுவதை நிறுத்தி முதிர்கின்றன. எப்போது நிறுத்துவது என்பதில்தான் உறையின் விதி அடங்கியிருக்கிறது. பெருகத் தூண்டுவது அண்டைச் செல்கள் சுரக்கும் பி.டி.ஜி.எஃப் என்னும் வளர்ச்சிக் காரணி: அது செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்தியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்துக்குப் பாஸ்பேட்டை ஏற்றி விட, அது மற்றொன்றைத் தூண்ட, இவ்வாறு செய்தி உட்கருவை அடைகிறது. அதே வேளையில் பிளவைத் தடுக்கும் பி27 என்னும் புரதம் செல்லுக்குள் சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டிருக்கும்.

எப்போது நிறுத்துவது என்ற இக்கணக்கை முடித்துவைப்பது, கழுத்திலுள்ள சுரப்பி அயோடினைக் கொண்டு ஆக்கும் தைராய்டு ஹார்மோன். லண்டனில் மார்ட்டின் ராஃபும் பென் பேரஸும் எலியின் பார்வை நரம்பிலிருந்து எடுத்த முன்னோடிச் செல்களை வளர்த்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், பி.டி.ஜி.எஃப் மட்டும் பெற்ற செல்களுள் பெரும்பாலானவை பிளந்துகொண்டே இருந்தன. தைராய்டு ஹார்மோனும் சேர்ந்தபோது உரிய காலத்தில் நின்று முதிர்ந்தன. அந்த ஹார்மோனின் ஏற்பி உட்கருவில், டி.என்.ஏ.வின் மேலேயே அமர்ந்திருக்கிறது. ஹார்மோன் வராதவரை முதிர்வுக்கான மரபணுக்களை அடக்கிவைத்து, வந்ததும் அவற்றை இயக்குகிறது. குருதியில் மிகுதியாகச் சுற்றும் டி4இல் நான்கு அயோடின் அணுக்கள். அவற்றுள் ஒன்றை மூளையின் நட்சத்திரச் செல்கள் கழற்றிய பின் கிடைக்கும் டி3இல் மூன்று. உண்ணும் அயோடின் குறைந்தால், பரம்பரை எவ்வளவு நல்லதாயினும், அந்த மரபணுக்களை எழுப்பும் செய்தியும் குறையும்.

கருவின் தைராய்டு ஏறத்தாழ 12ஆம் வாரத்தில்தான் ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. அதுவரை தாயின் ஹார்மோனே ஆதாரம். பின்னரும் அதற்கான அயோடின் தாயிடமிருந்தே வர வேண்டும். கழலை என்பது பற்றாக்குறையை ஈடுகட்டச் சுரப்பி வீங்குவது. அது வெளியே தெரியாத தாய்க்கும் கருவுக்கு வேண்டிய அளவு இல்லாதிருக்கலாம். பிரிட்டனில் கர்ப்பக் காலத்தில் லேசான அயோடின் குறை இருந்த தாய்மாரின் பிள்ளைகள் எட்டு வயதில் மொழித்திறன் சோதனையில் பின்தங்கியதாக 2013இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அது காரணத்தை ஐயமற நிறுவும் வகை ஆய்வல்ல, மயலினை நேரில் அளந்ததும் அல்ல. ஆயினும் செல் ஆய்வு சுட்டும் திசையோடு அது முரண்படவில்லை.

முன்னோர் இதையெல்லாம் அறியாமலே நன்றாக வாழ்ந்தனர் என்ற வாதமும் உண்டு. ஆனால் கொங்கு உணவின் பெருமையான கம்பில் உள்ள ஃபிளேவோன்கள் தைராய்டின் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்க வல்லவை. சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளியின் சயனைடு, உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பி அயோடினை உறிஞ்சுவதற்கு இடையூறு செய்கிறது. அயோடின் போதிய அளவில் இருந்தால் மரவள்ளியின் இடையூறு பெரிதும் தணியும். பழைய உணவுக்குத் திரும்புவோர்க்கே அயோடின் உப்பு கூடுதலாகத் தேவை என்பது விந்தை.

உண்பதற்கான உப்பு நுகர்வோரை அடையும்போது பத்து இலட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம், அதாவது வளர்ந்தவரின் ஒரு நாள் தேவை. கருவுற்றவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு 250. தைராய்டு நோயுள்ளவர் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வதே முறை. மற்றபடி இது கல்லா தூளா என்ற வழக்கே அல்ல: பொட்டாசியம் அயோடேட் தெளித்த கல் உப்பும் கடைகளில் கிடைக்கிறது, ஈரத்தில் அயோடின் குறையும் என்பதால் அதை மூடிய சாடியில், அடுப்பின் ஆவி படாமல் வைக்க வேண்டியதுதான்.