எர்ரர் வந்தால் முதலில் படிங்க!

நமது பைத்தான் லேபில் அதிகமாக ஒலிக்கும் வாக்கியம் எது? "சார், எர்ரர் வருது சார்!" என்பதுதான். "என்ன எர்ரர்?" என்று சார் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. திரையில் சிவப்பாக நாலு வரி தெரிந்ததுமே பக்கத்து சீட்டுக்காரனின் புரோகிராமை எட்டிப் பார்ப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது.

"அது இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பிஹெச்பி என்ற மொழியில் '::' என்ற குறி தவறான இடத்தில் வந்தால் பழைய பதிப்புகள் 'பாமாயிம் நெகுதோதாயிம்' என்று ஒரு செய்தி காட்டும். அது ஆங்கிலமே கிடையாது. ஹீப்ரு மொழியில் இரட்டை முக்காற்புள்ளி என்று அர்த்தம். 1997-இல் அந்த மொழியின் உட்பகுதியைத் திரும்ப எழுதிய சீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் இருவரும் அப்போது இஸ்ரேலின் டெக்னியான் மாணவர்கள். தங்கள் மொழியிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். (நம்மாளுக வச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்!) ஆங்கிலம் பேசுகிறவனும் அதைப் பார்த்து முழித்தான், பொருளைத் தேடித் தெரிந்துகொண்டு வேலையைப் பார்த்தான். நமக்கு அடிக்கடி வருகிற 'இன்வாலிட்', 'எக்ஸ்பெக்டட்', 'நாட் டிஃபைன்ட்', 'இன்டென்ட்' போன்ற சொற்களை எழுதினால் நோட்டில் ஒரு பக்கம்கூட வராது.

அடுத்த புகார்: "எட்டாவது லைன்ல எர்ரர்னு சொல்லுது, ஆனா அங்க ஒண்ணுமே இல்லையே!" உண்மைதான். ஏழாவது வரியில் ஒரு அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விட்டிருப்போம். மூடும் குறி வரும் வரும் என்று பைத்தான் அடுத்த வரிக்குள்ளும் போய்விடும். அங்கே பொருந்தாத ஏதோ ஒன்று தட்டுப்பட்டதும் நின்றுவிடும். வரி எண் என்பது அது திகைத்து நின்ற இடம். அங்கிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால் தவறு கிடைக்கும். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு முதல், இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று ஏழாவது வரியையே காட்டிவிடுகிறது. இஃப் வரியின் கடைசியில் கோலன் விடுபட்டாலும் கோலன் எதிர்பார்த்தேன் என்று சொல்கிறது. பழைய பதிப்பு போட்ட மெஷினில் இரண்டுக்கும் மொட்டையாக 'இன்வாலிட் சின்டாக்ஸ்' மட்டும்தான்.

இன்னொன்று. ஒரு சின்டாக்ஸ் பிழையைத் திருத்தியதும் வேறொன்று முளைத்தால், "நான் தொட்டதால கெட்டுப்போச்சு" என்று பயப்பட வேண்டாம். பைத்தான் முதல் சின்டாக்ஸ் பிழையிலேயே நின்றுவிடும். அடுத்தது முன்பே அங்கே இருந்ததுதான். சி மொழி நேர் எதிர். ஒரு செமிகோலன் விட்டதற்கே வரிசையாகக் கொட்டும். அங்கே முதல் செய்தியை மட்டும் பார்த்தால் போதும்.

எர்ரரை விட நான் அதிகம் பயப்படுவது வார்னிங்குக்குத்தான். எர்ரர் வந்தால் புரோகிராம் நின்றுவிடும். வார்னிங் வந்தால் ஓடும். "அவுட்புட் வந்துடுச்சுல்ல, விடு மச்சி" என்போம். அங்கேதான் ஆபத்து. எண் சமமா என்று பார்க்க '==' போடவேண்டிய இடத்தில் 'இஸ்' போடுகிறவர்கள் உண்டு. என் கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு, உங்கள் கையில் ஒன்று. மதிப்பு சமமா என்று கேட்பது '=='. இரண்டும் ஒரே நோட்டா என்று கேட்பது 'இஸ்'. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைத்தான் -5 முதல் 256 வரையுள்ள எண்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். அதனால் கீபோர்டில் 100 கொடுத்து 100-உடன் ஒப்பிட்டால் 'இஸ்' சரியான விடை தரும். 300 கொடுத்து 300-உடன் ஒப்பிட்டால் சமமில்லை என்று சொல்லிவிடும். லேபில் சின்ன எண்ணைப் போட்டுப் பார்த்து கையெழுத்து வாங்கிவிடலாம். அதே புரோகிராம் ஒரு கடையின் ஸ்டாக் கணக்கில் உட்கார்ந்தால்? 2019-இல் வந்த 3.8 பதிப்பு முதல் பைத்தான் இதற்கு வார்னிங் கொடுக்கிறது. '==' போட நினைத்தாயா என்றுகூடக் கேட்கிறது. இதைவிட எந்த வாத்தியார் பொறுமையாகச் சொல்வார்?

1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியில் நாம் கேட்டால்தான் வார்னிங் வரும். அதன் கையேட்டில் மொழியின் குறைகள் என்ற பகுதியில் முதல் குறையாக இதையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"செல்லுல ஏ.ஐ.கிட்ட ஒட்டினா பதில் வந்துடுதே" என்று கேட்பீர்கள். வீட்டில் சரி. செய்முறைத் தேர்வு ஹாலுக்குள் செல் வராது. வந்தாலும், செய்தியையே படிக்காதவனுக்கு அது சொல்லும் பதில் சரியா என்று எப்படித் தெரியும்?

நமது ரெக்கார்டு நோட்டில் சுத்தமான அவுட்புட் மட்டுமே ஒட்டுகிறோம். அதைப் பார்த்தால் எவனுக்கும் பிழையே வந்ததில்லை போலிருக்கும்! ஒவ்வொரு பயிற்சிக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, என்ன செய்தி வந்தது, காரணம் என்ன, எப்படித் தீர்ந்தது என்று எழுத வைக்கலாம். மாதிரித் தேர்வில் மூன்று பிழையுள்ள புரோகிராமைக் கொடுத்துத் திருத்தச் சொல்லி மார்க் போடலாம். அறுபது நோட்டில் இதையும் திருத்த ஆசிரியர்களுக்கு நேரமிருக்காது என்பது நியாயம்தான். திருத்தவேண்டாம், எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பேரவையின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நான் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும்.