கழுதைக்கும் வலி உண்டு

குதிரைக்கு வலித்தால் துள்ளும், உதைக்கும். கழுதையோ தலையைத் தொங்கவிட்டு அசையாது நிற்கும். இதனைக் கண்டு, கழுதைக்கு வலி உறைக்காது எனக் கருதுவோர் உளர். மௌனம் வேறு, வலியின்மை வேறு.

வால், ஆசனவாய், யோனி ஆகிய பகுதிகளில் சிகிச்சை செய்ய முதுகுத்தண்டுவழி மரப்பூசி மிகவும் ஏற்றது. வாலெலும்புகளின் இடைவெளி வழியே, தண்டுவட உறைக்கு வெளிப்புறத்தில் லிடோகெயின் செலுத்தினால், பிராணி நின்றபடியே இருக்க, அப்பகுதி மட்டும் மரத்துப்போகும். சைலசீன் சேர்த்தால் வலி நிவாரணம் நீடிக்கும். பெருங்கருவிகள் எவையும் இதற்கு வேண்டுவதில்லை.

ஆயினும், குதிரையைச் சிறிதாக்கினால் கழுதையாகிவிடாது. குதிரைக்கு முதல், இரண்டாம் வாலெலும்புகளுக்கு இடையே ஊசியிடுவது வழக்கம். கழுதைக்கோ இரண்டாம், மூன்றாம் எலும்புகளின் இடைவெளியே வசதியானது. அளவு மிஞ்சினால் மருந்து முன்னோக்கிப் பரவிப் பின்னங்கால்கள் தளரும். பிராணி விழவும் கூடும். மேலும், ஊசியின் வேகம் அடங்கிய பின் கொடுக்கும் வலிநிவாரணிகள் பலவற்றைக் கழுதையின் உடல் குதிரையைவிட விரைவில் வெளியேற்றிவிடுகிறது. ஆகவே கால்நடை மருத்துவக் கல்லூரிகள் கழுதையைக் குதிரைப் பாடத்தின் அடிக்குறிப்பாகக் கொள்ளாமல் தனியே கற்பித்தல் வேண்டும்.

2012இல் சுமார் 3.2 லட்சமாயிருந்த இந்தியக் கழுதைகள் 2019 கணக்கெடுப்பில் சுமார் 1.2 லட்சமாகக் குறைந்தன. எண்ணிக்கை சிறுத்ததனால் கடமை சிறுத்துவிடாது. தேவையற்ற வலியைத் தடுப்பதே 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் நோக்கம். ஓர் ஊசியால் தவிர்க்கக்கூடிய வலி, தேவையற்ற வலியன்றி வேறு யாது?